ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த பிள்ளைக்கு மருத்துவம்: காப்புறுதி முதல் கைவைத்தியம் வரை

குடிவரவு மருத்துவப் பரிசோதனை முடிந்துவிட்டது, ஆகவே பிள்ளையை எல்லாம் பார்த்தாயிற்று என்று பல பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். அந்தப் பரிசோதனை குடிவரவுக்கானது. 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதில் வழக்கமாக மார்பு எக்ஸ்ரே இல்லை. 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வழக்கமான இரத்தப் பரிசோதனையும் இல்லை. இரத்தச்சோகை, தடுப்பூசி, பல் எதையும் அது பார்ப்பதில்லை. கனடாவில் உங்கள் பிள்ளைக்கான உண்மையான முதல் பரிசோதனையை நீங்கள்தான் கேட்டுப் பெறவேண்டும். வந்து மூன்று மாதத்துக்குள் அதைச் செய்து முடிக்கும் வழி இது. விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். இங்கே சொல்வது ஒன்ராறியோவுக்கு.

1. பிள்ளை எந்தக் காப்புறுதிக்குள் வருகிறது என்று உறுதிசெய்யுங்கள்

நிரந்தர வதிவிடம் பெற்று வந்தவர்கள், அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டவர்கள், அரசு அல்லது தனியார் அனுசரணையில் அகதிகளாக அழைக்கப்பட்டவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு ஓஹிப் என்ற ஒன்ராறியோ அரசின் சுகாதாரக் காப்புறுதி உண்டு. முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சில் எடுக்கப்பட்டுவிட்டது. "மூன்று மாதம் பொறுங்கோ" என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. வந்த வாரமே சேர்விஸ் ஒன்ராறியோ என்ற மாகாண அரசின் சேவை நிலையத்துக்குப் போய் விண்ணப்பிக்கலாம்.

மூன்று வகை ஆவணம் வேண்டும்: குடிவரவு நிலையைக் காட்டுவது, ஒன்ராறியோ முகவரியைக் காட்டுவது, ஆளை அடையாளம் காட்டுவது. மூன்றும் மூலப்பிரதியாக இருக்கவேண்டும். போட்டோக் கொப்பியோடு போய்த் திரும்பி வருபவர்கள் ஏராளம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஹெல்த் கார்ட் என்ற ஓஹிப் அட்டை தபாலில் வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை கவுன்ரரில் தரும் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அகதிக் கோரிக்கை இன்னும் விசாரணையில் இருந்தால் பிள்ளைக்கு ஓஹிப் கிடையாது. மத்திய அரசின் இடைக்கால அகதிகள் சுகாதாரத் திட்டம்தான் காப்புறுதி. அதற்கு அட்டை வராது. கோரிக்கையாளர் ஆவணமோ, கோரிக்கை பெறப்பட்டதை உறுதிசெய்யும் கடிதமோதான் அட்டை. இங்கேதான் இரண்டு பெரிய பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, எல்லா வைத்தியரும் இந்தத் திட்டத்தில் பதிந்தவர்கள் அல்லர். சந்திப்பு எடுக்கும்போதே "இடைக்கால அகதிகள் திட்டத்தை ஏற்பீர்களா" என்று கேளுங்கள். இரண்டாவது, திட்டம் வைத்தியருக்குத்தான் பணம் கொடுக்கும். உங்களுக்குத் திருப்பித் தராது. "இப்போது கட்டுங்கள், பிறகு எடுத்துக்கொள்ளலாம்" என்று எந்தக் கிளினிக் சொன்னாலும் கட்டாதீர்கள், அந்தப் பணம் திரும்பி வராது. மருந்து, பல், கண் போன்ற கூடுதல் பலன்களில் குடும்பமும் ஒரு பங்கு கட்டும் முறை 2025 மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. ஆகவே அவற்றுக்குப் போகுமுன் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோரிக்கை ஏற்கப்பட்ட நாளே நிலைமை மாறும். தீர்ப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சேர்விஸ் ஒன்ராறியோவுக்குப் போய் ஓஹிப்புக்கு விண்ணப்பியுங்கள்; நிரந்தர வதிவிட அட்டைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. பெற்றோர் கோரிக்கையாளராக இருந்தாலும் ஒன்ராறியோவில் பிறந்த குழந்தை கனடியக் குடிமகன், அதற்கு ஓஹிப் உரிமை உண்டு. பிரசவ மருத்துவமனையிலேயே பதிவுப் படிவத்தைக் கேட்டு நிரப்புங்கள்.

2. தடுப்பூசிப் பதிவை ஒரு தாளாக்குங்கள்

இலங்கையில் பிறந்த பிள்ளைக்குச் சுகாதார விருத்திப் பதிவேடு இருக்கும், தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளைக்கு தாய்சேய் நல அட்டை. அதை ஊரில் விட்டு வந்திருந்தால் இன்றே யாரையாவது எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் ஆங்கிலத்தில் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, ஒவ்வொரு ஊசியின் பெயர், போட்ட திகதி என்று வரிசையாக எழுதிப் படங்களோடு இணையுங்கள்.

திகதியில் கவனமாக இருங்கள். நாங்கள் 05/06/2021 என்று எழுதினால் ஜூன் 5. இங்கே ஒருவர் அதை மே 6 என்று கணினியில் ஏற்றிவிடலாம். மே 20ஆம் திகதி முதலாவது பிறந்தநாள் வரும் பிள்ளைக்கு, முறையாகப் போட்ட சின்னமுத்து ஊசி "ஒரு வயதுக்கு முன் போட்டது" என்று தள்ளுபடியாகிவிடும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

பெயரும் சிக்கல் தரும். பழைய அட்டையில் பிள்ளையின் பெயரே இல்லாமல் "இன்னாரின் குழந்தை" என்று தாயின் பெயர் மட்டும் இருக்கும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் சேர்த்து வைத்தால் கேள்வி எழாது.

3. எந்த ஊசி எண்ணப்படும், எது எண்ணப்படாது

ஊரில் எல்லா ஊசியும் போட்டாயிற்று, பிறகு ஏன் திரும்பப் போடச் சொல்கிறார்கள் என்று கோபம் வருவது இங்கேதான். காரணம் தெரிந்தால் கோபம் குறையும்.

சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசியில் ஒரு வயது நிறைந்த பின் போட்ட இரண்டு மருந்தளவைத்தான் ஒன்ராறியோ எண்ணும். இலங்கையில் முதலாவது 9 மாதத்திலும் அடுத்தது 3 வயதிலும் போடுவார்கள். 9 மாத ஊசி எண்ணப்படாது, ஆகவே இன்னும் ஒன்று வேண்டும். இந்திய அரசுத் திட்டத்தில் போடும் ஊசியில் சின்னமுத்தும் ருபெல்லாவும் மட்டுமே இருக்கின்றன, கூகைக்கட்டு இல்லை. அந்தப் பிள்ளைக்கு இங்கே மூன்றும் சேர்ந்த ஊசி இரண்டு தரம் தேவைப்படும்.

போலியோச் சொட்டில் 2016 ஏப்ரலில் உலகம் முழுவதும் ஒரு மாற்றம் வந்தது: மூன்று வகை வைரஸுக்கும் எதிரான சொட்டு இரண்டு வகைக்கு மட்டுமானதாக மாறியது. அதன்பின் வாயில் விட்ட சொட்டுகளைக் கனடாவில் முழுப் பாதுகாப்பாக எண்ணுவதில்லை. பதிவில் போலியோ ஊசி எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். சொட்டு மட்டும் இருந்தால் ஊசி போடவேண்டிவரும்.

ஒருவகை மூளையுறைக் காய்ச்சலுக்கு எதிரான மெனிங்கோகொக்கல் ஊசியும் கொப்பளிப்பான் ஊசியும் இலங்கை, இந்திய அரசுத் திட்டங்களில் இல்லை. ஒன்ராறியோ பாடசாலைச் சட்டம் இரண்டையும் கேட்கிறது. கொப்பளிப்பான் ஊசி 2010இலும் அதன் பின்னும் பிறந்தவர்களுக்குக் கட்டாயம். பிள்ளைக்கு ஊரில் அம்மாள் வருத்தம் வந்து போயிருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்க முடியும். "அம்மாள்" என்று நாங்கள் சொல்வது சிலவேளை சின்னமுத்தையும் குறிக்கும் என்பதால், நீர் கோத்த கொப்புளமா, சிவந்த தடிப்பா, எத்தனை நாள் இருந்தது என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

பதிவே இல்லாவிட்டால் முதலிலிருந்து போடுவார்கள். ஏற்கனவே போட்ட ஊசியைத் திரும்பப் போடுவதால் பிள்ளைக்குத் தீங்கில்லை. போட்டதாக ஞாபகத்தில் சொல்லித் தவறவிடுவதுதான் தீங்கு. ஊசிக்குப் பணம் இல்லை.

சைவ உணவுக்காரரும் முஸ்லிம் பெற்றோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சின்னமுத்து ஊசியில் எம்எம்ஆர்-2 என்ற வகையில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலற்றின் இருக்கிறது, பிரையொரிக்ஸ் என்ற வகையில் இல்லை. எது இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்கலாம்; அதற்காக வைத்தியர் முகம் சுளிக்கமாட்டார். ஆனால் தேடிக்கொண்டு மாதக்கணக்கில் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

பொறி ஒன்று: வைத்தியர் ஊசி போட்டுவிட்டால் பாடசாலைக்குத் தானாகத் தெரியும் என்று நினைக்கவேண்டாம், தெரியாது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்குப் பெற்றோர்தான் அறிவிக்க வேண்டும். ஹெல்த் கார்ட் இலக்கம் இருந்தால் ஐக்கொன் இணையத்தளத்தில் ஏற்றலாம், இல்லாவிட்டால் தொலைபேசியில் அழைத்துச் சொல்லலாம். அறிவிக்காவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் வரும். அதற்குப் பின்னும் பேசாமல் இருந்தால் 20 பாடசாலை நாட்கள்வரை பிள்ளையை இடைநிறுத்தலாம்.

4. வைத்தியரும் மொழிபெயர்ப்பாளரும்

ஓஹிப் கிடைத்ததும், குடும்ப வைத்தியரைத் தேடித்தரும் ஹெல்த் கெயார் கனெக்ட் என்ற அரசு பட்டியலில் பதியுங்கள். குடும்ப வைத்தியர் கிடைக்க நெடுநாள் எடுக்கலாம், அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஓஹிப் இல்லாதவர்களையும் பார்க்கும் சமூகச் சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. ரொறொன்ரோவில் புதிதாக வந்த அகதிகளுக்கென்றே விமன்ஸ் கொலிஜ் மருத்துவமனையில் குறொஸ்ரோட்ஸ் கிளினிக் இயங்குகிறது. 811 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைத்துத் தாதியோடு இலவசமாகப் பேசலாம். எடுத்தவுடன் "ரமில் இன்ரபிரெட்டர்" என்று மட்டும் சொன்னால் போதும்.

இங்கிலிஷ் பேசும் மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். தங்கைக்கு என்ன வருத்தம் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் வாயால் சொல்லவேண்டி வருவது அதற்கு மேல் ஏற்றும் பெரும் பாரம். தவிர, தாய் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடும் விஷயமும் நிறைய. சந்திப்பு எடுக்கும் நாளிலேயே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். சிக்கிட்ஸ் போன்ற மருத்துவமனைகளில் அது இலவசம். சிறிய கிளினிக்கிலும் தொலைபேசியில் இணைக்கலாம். ஊர்க்காரர் மொழிபெயர்க்க வந்தால் கதை வெளியே போகுமோ என்று பயமிருந்தால், வேறு ஆளையோ பெயர் தெரியாத தொலைபேசிச் சேவையையோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பருவமடைந்த மகளுக்குப் பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை.

5. முதல் சந்திப்பில் கேட்கவேண்டியவை

வழக்கமான சந்திப்பு சில நிமிடத்தில் முடிந்துவிடும். "புதிதாக வந்த பிள்ளை, முழுப் பரிசோதனை வேண்டும்" என்று சொல்லி நீண்ட சந்திப்பாக எடுங்கள். உயரம், நிறை, கண், காது, பல் எல்லாம் பார்ப்பார்கள். ஊர்ப் பதிவேட்டிலுள்ள நிறையையும் காட்டுங்கள். பிள்ளை ஒல்லியா என்பதைவிட, தன் வளர்ச்சிக் கோட்டிலிருந்து இறங்குகிறதா என்பதுதான் வைத்தியருக்கு வேண்டும்.

இரத்தத்தில் ஹீமோகுளோபினோடு, உடலில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிற்றினும் பார்க்கக் கேளுங்கள். எங்கள் பிள்ளைகளில் இரும்புக் குறைவுக்கு ஒரு பெரிய காரணம் பால். ஒரு வயதுக்குப் பின் நாளைக்கு 750 மி.லீ.க்கு மேல் பால் கொடுத்தால் பிள்ளை சோற்றைத் தொடாது. பாலில் இரும்பும் மிகக் குறைவு. சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுத்தால் இருக்கும் இரும்பும் உடலில் சேராது. இரும்பு மருந்து கொடுத்தும் ஏறாவிட்டால், தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கான பரிசோதனை வேண்டும் என்று சொல்லுங்கள். தலசீமியாவின் மரபணுவைச் சுமக்கும் பிள்ளைக்கும் சிவப்பணு சிறிதாகவே இருக்கும். இரும்புக் குறைவு இல்லாமலே மாதக்கணக்கில் இரும்பு குடிக்கவைத்துவிடுவார்கள்.

காசநோய்த் தோல் பரிசோதனை செய்தால், போட்ட இடத்தை 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் காட்ட வேண்டும். தவறினால் முழுவதும் திரும்ப. வியாழக்கிழமை போட்டுக்கொள்ளாதீர்கள், வாரஇறுதியில் பார்க்க ஆள் இருக்காது. சின்னமுத்து ஊசி போடுவதென்றால் அதே நாளில் போடலாம், அல்லது ஊசிக்குப் பின் தோல் பரிசோதனைக்கு 4 வாரம் விடவேண்டும். தோளில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், அது முடிவைப் பாதிக்கலாம்.

கைக்குழந்தையின் இடுப்பிலோ பின்புறத்திலோ நீலச்சாம்பல் நிறப் பிறவித் திட்டு இருந்தால் முதல் சந்திப்பிலேயே காட்டி, பதிவில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் நிறக் குழந்தைகளில் அது வெகு சாதாரணம். ஆனால் பழக்கமில்லாத ஒருவர் அடிபட்ட கன்றல் என்று நினைக்கக்கூடும். பதிவில் இருந்தால் பின்னர் விளக்கம் சொல்ல வேண்டியிராது.

6. மாந்தம், வசம்பு, கண்மை: மறைக்காமல் சொல்வது எப்படி

"கைவைத்தியம் ஏதும் செய்தீர்களா" என்று வைத்தியர் கேட்டால் பெரும்பாலானோர் இல்லை என்றே சொல்கிறார்கள். ஏசுவார்கள், பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம். மறைத்தால்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் வைத்தியர் தப்பான இடத்தில் காரணம் தேடுவார்.

முதலில், எந்தச் சொல்லால் சொல்வது என்பது. மாந்தம், தோஷம், உள்சூடு, சளி கட்டியிருக்கு என்பவற்றுக்கு இங்கிலிஷில் நேரான சொல் இல்லை. மொழிபெயர்ப்பாளர் ஏதோ ஒன்றைப் போட்டுவிடுவார். ஆகவே கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். "மாந்தம்" என்பதற்குப் பதிலாக: நேற்றுக் காலையிலிருந்து ஆறு தரம் வயிற்றாலை போனது, பச்சை நிறம், இரண்டு தரம் வாந்தி, ஈரமான டயப்பர் மூன்று மட்டும். இதைக் கேட்டதும் நீரிழப்பு இருக்கிறதா என்று எந்த வைத்தியரும் உடனே பார்ப்பார். பிறகு, "எங்கள் ஊரில் இதை மாந்தம் என்போம், அதற்கு இன்னது கொடுத்தோம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்து, கொடுத்ததும் பூசியதும். நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கவார்ப்பதில் பிழையில்லை, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நியூமோனியா வரும். வசம்பைக் கையில் கட்டினாலும் பிள்ளை வாயில் வைக்கும், சுட்டு உரைத்து நாக்கில் தடவுவதையும் விட்டுவிடுங்கள். ஒரு வயதுக்கு முன் தேன் ஒரு துளியும் வேண்டாம். அதிலிருக்கும் நுண்ணுயிர் வித்து கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். கற்பூரம் கலந்த எண்ணெயை எட்டாத உயரத்தில் வையுங்கள், சிறிதளவு விழுங்கினாலே வலிப்பு வரலாம். சாம்பிராணிப் புகை, இழுப்புள்ள பிள்ளைக்கு ஆகாது.

கண்மை சிலவற்றிலும், பஸ்பம், செந்தூரம் என்று ஊரிலிருந்து வரும் மருந்துகளிலும் ஈயம் இருக்கலாம். அவற்றைப் பாவித்திருந்தால் டப்பாவையே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள், இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள். திருஷ்டிப் பொட்டு வைக்க ஆசை இருந்தால் வையுங்கள், கண்ணுக்குள் இடவேண்டாம். அரைஞாண் கயிற்றில் யாரும் குறை காணமாட்டார்கள், ஆனால் கழுத்தில் கட்டிய கயிற்றைத் தூக்கத்தில் கழற்றிவிடுங்கள்.

நஞ்சு ஏதும் விழுங்கியதாகச் சந்தேகம் இருந்தால் 1-844-764-7669 என்ற இலக்கத்தில் நச்சு நிலையம் எந்நேரமும் பேசும்.

ஊரில் சூடு வைத்த தழும்பு இருந்தால் எங்கே, எப்போது, யார், எதற்காகச் செய்தது என்று முதலிலேயே சொல்லிப் பதியுங்கள். பிள்ளைக்குத் தீங்கு நடப்பதாக நியாயமான சந்தேகம் வந்தால் அறிவிக்கவேண்டியது ஒன்ராறியோச் சட்டப்படி வைத்தியரின் கடமை. இங்கே அடிப்பதோ சூடு வைப்பதோ வைத்தியமாக எடுக்கப்படாது.

7. காய்ச்சல் மருந்து: அளவில் பிழை விடாதீர்கள்

பரசிற்றமோல், பனடோல் என்று கேட்டால் பாமசியில் முழிக்கலாம். இங்கே அதன் பெயர் அசெற்றமினோஃபென். ரைலனோல், ரெம்ப்றா என்று விற்பார்கள். குழந்தைக்கு இரண்டு வகைத் திரவம் உண்டு. துளி மருந்தில் 1 மி.லீ.க்கு 80 மி.கி.; பிள்ளைகள் சிரப்பில் பெரும்பாலும் 5 மி.லீ.க்கு 160 மி.கி.

ஊரில் குடித்த சிரப்பில் பெரும்பாலும் 5 மி.லீ.க்கு 120 மி.கி. "ஒரு தேக்கரண்டி" என்று பழகிய கை, இங்கே துளி மருந்தில் 5 மி.லீ. ஊற்றினால் 400 மி.கி. போய்விடும். மூன்று மடங்குக்கும் மேல், ஈரலைக் கெடுக்கும் பிழை.

கணக்கு நிறையை வைத்துத்தான்: கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒரு தரம், ஒரு நாளில் 5 தரத்துக்கு மேல் வேண்டாம். 10 கிலோப் பிள்ளைக்கு 120 மி.கி. என்றால் துளி மருந்தில் 1.5 மி.லீ., சிரப்பில் 3.75 மி.லீ. போத்தலோடு வரும் ஊசிக்குழலால் மட்டும் அளவெடுங்கள்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை அல்லது மேல் இருந்தால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. அம்புலன்ஸுக்கு ஓஹிப் உள்ளவருக்கு 45 டொலர் பில் வரும். தேவையற்ற பயணம் என்று வைத்தியர் முடிவுசெய்தால் 240. பில்லுக்குப் பயந்து 911 அழைக்காமல் இருக்காதீர்கள்.

8. மருந்து, பல், கண்

ஓஹிப் உள்ள, தனியார் காப்புறுதி இல்லாத 24 வயது வரையானவர்களுக்கு ஓஹிப் பிளஸ் திட்டத்தில் 5,000க்கும் மேற்பட்ட மருந்துகள் இலவசம். விண்ணப்பம் ஏதுமில்லை, மருந்துச்சீட்டையும் ஹெல்த் கார்ட்டையும் நீட்டினால் போதும். பல்லுக்கு, வருமானம் குறைந்த குடும்பத்தின் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு ஹெல்தி ஸ்மைல்ஸ் ஒன்ராறியோ இருக்கிறது. சமூக உதவிப்பணம் எடுக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் தானாகச் சேர்க்கப்படுவார்கள். 19 வயது வரை வருடம் ஒரு கண் பரிசோதனையை ஓஹிப் கொடுக்கும், கண்ணாடியைக் கொடுக்காது. சந்திப்பைத் தவறவிட்டாலும், பாடசாலைக்குக் கடிதம் எழுதிக் கேட்டாலும் கிளினிக் பணம் கேட்கலாம்.

9. பேசாத பிள்ளையும் வளர்ந்த பிள்ளையும்

புது மொழிக்குள் விழுந்த பிள்ளை பாடசாலையில் சில மாதம் வாய் திறக்காமல் இருப்பது வழமை. வீட்டில் தமிழிலும் பேச்சுக் குறைந்தால், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்தால், சத்தம் கேட்டதும் ஒளிந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். பார்த்த கொடுமைகளைப் பிள்ளையின் முன்னால் விவரிக்க வேண்டாம். உங்களோடு தனியே பேசச் சொல்லிக் கேளுங்கள். பேச்சுப் பின்தங்கியிருக்கிறது, ஆகவே வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வது பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை.

பதின்ம வயதுப் பிள்ளையோடு தனியே பேசவேண்டும், நீங்கள் வெளியே இருங்கள் என்று வைத்தியர் சொல்வார். அது எல்லாக் குடும்பத்துக்கும் சொல்வதுதான். ஒன்ராறியோவில் சிகிச்சைக்குச் சம்மதம் தரக் குறைந்தபட்ச வயது என்று ஒன்று இல்லை. விளங்கிக்கொள்ளும் பிள்ளை தானே முடிவெடுக்கலாம், பேசியது உங்களிடம் சொல்லப்படாமலும் போகலாம்.

வீடு மாறினால் 30 நாளுக்குள் ஓஹிப்புக்கு முகவரியை அறிவியுங்கள். வேறு நகரத்துக்குப் போனால் தடுப்பூசிப் பதிவை அங்குள்ள பொதுச் சுகாதாரப் பிரிவிலும் சரிபாருங்கள். ஊரில் எழுதிய மூல அட்டையை மட்டும் எவருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள், கொப்பியைக் கொடுங்கள்.